தம்ப்நெயிலில் இருக்கும் முகத்துக்கு யார் பொறுப்பு?

யூடியூபைத் திறந்தால் கண்ணில் முதலில் படுவது வீடியோ இல்லை, தம்ப்நெயில்தான். அதற்கென்று ஓர் இலக்கணமே உருவாகிவிட்டது. ஒரு சிவப்பு அம்புக்குறி, ஒரு வட்டம், வாயைப் பிளந்த முகம், வேண்டுமென்றே மங்கலாக்கிய ஏதோ ஒன்று, மஞ்சள் எழுத்தில் "அதிர்ச்சி", "மர்மம்", "கடைசி வரை பாருங்க". பத்து நிமிடம் செலவழித்து உட்கார்ந்து பார்த்தால் அம்புக்குறி காட்டிய இடத்தில் ஒன்றுமே இருக்காது. இந்த எரிச்சலை அனுபவிக்காதவர் நம்மில் யாருமில்லை. கமெண்டில் திட்டுகிறோம், மீம் போடுகிறோம், "எப்படி ஏமாத்தியிருக்கான் பாரு" என்று நண்பருக்கு லிங்க் அனுப்பி அந்தச் சேனலுக்கு இன்னும் நான்கு வியூஸ் சேர்த்துக் கொடுக்கிறோம்.

இந்த எரிச்சல் நிறுவனத்தின் காதையும் எட்டியிருக்கிறது. மிக மோசமான கிளிக்பெய்ட் வீடியோக்கள்மீது இந்தியாவில் நடவடிக்கையைக் கடுமையாக்கப் போவதாக 2024 டிசம்பரில் யூடியூப் அறிவித்தது. குறிப்பாக முக்கியச் செய்திகள், நடப்பு நிகழ்வுகள் தொடர்பான வீடியோக்கள் அதன் இலக்கு. தலைப்பிலோ தம்ப்நெயிலிலோ சொன்னது வீடியோவுக்குள் இல்லையென்றால் அது நீக்கப்படலாம். குடியரசுத் தலைவர் ராஜினாமா செய்துவிட்டார் என்று தலைப்பு வைத்துவிட்டு உள்ளே அதைப் பற்றி ஒரு சொல்லும் பேசாத வீடியோவை அவர்கள் உதாரணமாகக் காட்டினார்கள்.

வரவேற்க வேண்டிய விதிதான். ஆனால் இந்த விதி பாதிக்கப்பட்டவராக யாரைக் கணக்கில் எடுக்கிறது என்று கவனியுங்கள். பார்வையாளரை மட்டும். தம்ப்நெயிலில் யாருடைய முகம் ஒட்டப்பட்டிருக்கிறதோ அவர் இந்தக் கணக்கில் எங்கேயும் வரவில்லை. பார்வையாளருக்குப் போனது பத்து நிமிடம். படத்தில் இருப்பவருக்குப் போனது என்ன?

செண்பகத்தோப்பு என்று தேடினால்

விருதுநகர் மாவட்டத்தில், ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இருக்கிறது செண்பகத்தோப்பு. ஊரிலிருந்து ஆட்டோ பிடித்தால் போய்விடக்கூடிய தூரம்தான். தோப்புகளைத் தாண்டினால் வனத்துறையின் எல்லை தொடங்கும். காட்டழகர் கோயிலுக்கும் மீன்வெட்டிப்பாறை அருவிக்கும் இந்த வழியாகத்தான் போவார்கள். 1988இல் சாம்பல் நிற அணில்களுக்கான சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இந்தக் காடு, 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகத்தின் பகுதி.

அணிலுக்கும் புலிக்கும் முன்பே இந்த மலையோடு வாழ்க்கையைப் பிணைத்துக்கொண்டவர்கள் பளியர்கள். செண்பகத்தோப்பில் அவர்களுடைய குடியிருப்பு இருக்கிறது. இராஜபாளையம் அய்யனார் கோயில் பக்கமும், வத்திராயிருப்பை அடுத்த தாணிப்பாறைப் பக்கமும் அவர்கள் வாழ்கிறார்கள். மலைத்தேன், கடுக்காய் போன்றவற்றைச் சேகரிப்பதும் தோப்புகளில் கூலி வேலையும் அவர்களுடைய பிழைப்பு. ரேஷன் அட்டை, சாதிச் சான்றிதழ், வீட்டுமனைப் பட்டா, பிள்ளைகளின் படிப்பு என்று ஏழை எளிய மக்கள் எல்லோருக்கும் இருக்கும் கவலைகள்தான் அவர்களுக்கும். அதோடு, காட்டுக்குள் எவ்வளவு தூரம் போகலாம், எதை எடுக்கலாம் என்று வனத்துறையிடம் நடத்த வேண்டிய தினசரிப் பேச்சுவார்த்தை.

பழங்குடிக் குடியிருப்புகளைத் தேடிப் போகும் பயண வீடியோக்களில் இந்த வாழ்க்கை என்னவாக மாறுகிறது? "காட்டுக்குள் வாழும் மர்ம மனிதர்கள்", "வெளியுலகமே தெரியாத ஆதிவாசிகள்", "இவங்க சாப்பிடுறத பார்த்தா ஆடிப்போயிடுவீங்க", "உள்ளே போனால் திரும்ப முடியாது". எந்த ஒரு சேனலையும் சுட்ட இவற்றை எழுதவில்லை. அந்த வார்ப்பைக் காட்டத்தான் எழுதுகிறேன். தமிழ்நாட்டுப் பழங்குடிகள் பற்றிய வீடியோக்களை நான்கு நாள் தொடர்ந்து பார்த்தவர்கள் உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள்.

"வெளியுலகம் தெரியாத" என்ற சொல்லை மட்டும் எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் பட்டியல் பழங்குடிச் சான்றிதழ் தருவது தாசில்தார் இல்லை, வருவாய்க் கோட்டாட்சியர். அந்த அலுவலகத்துக்கு எத்தனை முறை நடக்க வேண்டும், எந்தத் தாளைக் கேட்பார்கள், எதைச் சொல்லித் திருப்பி அனுப்புவார்கள் என்பது ஒரு பழங்குடிப் பெற்றோருக்குத் தெரியும். தேனை எந்த விலைக்கு வியாபாரி வாங்குகிறார், கடையில் அது எந்த விலைக்குப் போகிறது என்பது தேன் எடுப்பவருக்குத் தெரியும். வெளியுலகம் அவர்களை நன்றாகவே தெரியவைத்திருக்கிறது. தெரியாமல் இருப்பது நாம்தான். நம்முடைய அறியாமையை எடுத்து அவர்கள் முகத்தில் எழுதி ஒட்டுகிறது அந்தத் தலைப்பு.

இதில் பண விஷயமும் இருக்கிறது. நீள வீடியோக்களில் வரும் விளம்பர வருவாயில் 55 சதவீதம் சேனலுக்கு, மீதி யூடியூபுக்கு. "உயிரைப் பணயம் வைத்துத் தேன் எடுக்கும்" என்ற தலைப்புக்குக் கீழே பாறையில் கயிறு கட்டித் தொங்குகிறவருக்கு இந்தக் கணக்கில் எந்த வரியும் இல்லை.

சட்டத்தில் ஒரு வேடிக்கையும் உண்டு. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, சரணாலயத்துக்குள் போய்ப் படம் எடுப்பதற்கு வனத்துறையின் அனுமதி வேண்டும். சாம்பல் நிற அணிலைப் படம் பிடிக்க விண்ணப்பம் கொடுக்க வேண்டும். அதே காட்டின் ஓரத்தில் ஒரு பளியர் வீட்டு வாசலில் நின்று, அங்கே விளையாடும் குழந்தையின் முகத்தை நெருக்கமாகப் பிடித்து "ஆதிவாசிக் குழந்தை" என்று தம்ப்நெயிலில் போட யாரிடமும் எதுவும் கேட்க வேண்டியதில்லை என்று கேமராக்காரர் நினைக்கிறார்.

பெயரில்லாத முகங்கள்

இந்தப் பார்வை யூடியூபில் பிறந்தது இல்லை. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், கே. ரங்காச்சாரியின் துணையோடு தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி ஏழு தொகுதிகளை 1909இல் வெளியிட்டார். மனிதர்களின் மண்டையையும் மூக்கையும் கருவிகளால் அளந்தார். அந்தத் தொகுதிகளில் உள்ள படங்களில் முகம் இருக்கும், அதற்குக் கீழே சாதியின் அல்லது பழங்குடியின் பெயர் இருக்கும். அந்த மனிதரின் பெயர் இருக்காது. ஒரு வகைக்கு ஒரு மாதிரி போதும் என்பதே அந்த அறிவியலின் எண்ணம்.

இன்றைய தம்ப்நெயிலும் அதையே செய்கிறது. நேர்காணல் கொடுத்தவருக்கு வீடியோவுக்குள் ஒருவேளை பெயர் இருக்கலாம். வெளியே, ஆயிரக்கணக்கானோர் விரலால் தள்ளிக்கொண்டே போகும் அந்தச் சின்னச் சதுரத்தில், அவர் வெறும் "ஆதிவாசி". வீடியோவைத் திறந்து பார்ப்பவர்களைவிடத் தம்ப்நெயிலை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறவர்களே அதிகம் என்பதால், பெரும்பாலானோர் மனதில் தங்குவது அந்தப் பெயரில்லாத முகம்தான்.

அந்தமானில் இது எங்கே போய் முடிந்தது என்று நாம் பார்த்தோம். ஜாரவா பெண்களை ஆடச் சொல்லிச் சுற்றுலாப் பயணிகள் எடுத்த வீடியோ 2012இல் பிரிட்டிஷ் பத்திரிகை ஒன்றின் மூலம் வெளியாகி உலகமே கண்டித்தது. ஆனாலும் அத்தகைய வீடியோக்கள் இணையத்தில் தொடர்ந்து கிடந்தன. அவற்றை யூடியூபிலிருந்தும் பிற தளங்களிலிருந்தும் நீக்க நடவடிக்கை எடுக்கும்படி 2017இல் தேசியப் பழங்குடியினர் ஆணையமே சொல்ல வேண்டியிருந்தது. 2025 மார்ச்சில் அமெரிக்க யூடியூபர் ஒருவர் தடைசெய்யப்பட்ட வடக்கு சென்டினல் தீவில் இறங்கி, ஒரு குளிர்பானக் கேனையும் தேங்காயையும் வைத்துவிட்டு வந்து கைதானார். வெளியாரின் ஒரு சாதாரணத் தொற்றுகூட அந்த மக்களை அழித்துவிடக்கூடும்.

செண்பகத்தோப்பு அந்தமான் இல்லை. பளியர்கள் தனித்து வாழும் தீவு மக்களும் இல்லை. ஆனால் சுற்றி வாழும் மக்களோடு நெடுங்காலமாக உறவுள்ள ஒரு சமூகத்தைத் தீவு மக்களைப் போலக் காட்டுவதுதான் "மர்ம மனிதர்கள்" என்ற தலைப்பின் வேலை. 1960களில் பளியர்களிடையே தங்கி ஆய்வு செய்த அமெரிக்க மானுடவியலாளர் பீட்டர் கார்ட்னர், ஒருவரை ஒருவர் மதிப்புக் குறைவாக நடத்தாமல் இருப்பதற்கு அவர்கள் கொடுக்கும் முக்கியத்துவத்தை விரிவாகப் பதிவு செய்திருக்கிறார். அவர்களை வைத்துத் தலைப்பு எழுதுகிறவர்களிடம் அந்த ஒழுக்கத்தில் கால்வாசியாவது இருக்கிறதா?

மர்மம் என்ற சொல்லுக்கு அரசியல் விலையும் உண்டு. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், காட்டில் வாழும் பழங்குடிகளுக்கு நில உரிமையையும் சிறு வன விளைபொருள்கள்மீதான உரிமையையும் அங்கீகரிக்கிறது. "பாரம்பரிய வனவாழ் மக்களுக்கு இழைக்கப்பட்ட வரலாற்று அநீதி" என்று அந்தச் சட்டத்தின் முகவுரையே பேசுகிறது. உரிமை கேட்பவர் ஒரு குடிமகன், ஒரு குடிமகள். அவருக்கு வரலாறு உண்டு, சாட்சிகள் உண்டு, கிராம சபை உண்டு. மர்ம மனிதருக்கு இவை எதுவும் இல்லை. அவரைப் பார்த்து வியக்கலாம், பரிதாபப்படலாம், ஒரு புடவையும் பிஸ்கட் பாக்கெட்டும் கொடுத்து இன்னொரு வீடியோ எடுக்கலாம். "காட்டுல அவங்க சந்தோஷமா இருக்காங்க, அவங்களுக்கு எதுக்கு பட்டா" என்ற பொதுப்புத்திக்கு இந்தப் படங்கள்தான் தீனி போடுகின்றன.

யாரும் புகார் சொல்லாத பொய்

யூடியூபின் விதி ஏன் இங்கே பயன்படாது என்பது இப்போது புரியும். "மர்ம மனிதர்கள்" வீடியோவைத் திறந்தால் உள்ளே காடு இருக்கிறது, குடிசை இருக்கிறது, பளியர் இருக்கிறார். தலைப்பு சொன்னது உள்ளே கிடைத்துவிட்டது. பார்வையாளர் ஏமாறவில்லை, திருப்தியாகவே போகிறார்.

அல்காரிதம் எப்படி வேலை செய்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கிளிக் எண்ணிக்கையை மட்டும் வைத்துப் பரிந்துரைத்தால் ஏமாற்று வீடியோக்கள் மேலே வந்துவிடுகின்றன என்பதால், 2012 வாக்கில் யூடியூப் பார்வை நேரத்துக்கு முக்கியத்துவம் கொடுக்கத் தொடங்கியது. அதன் பொறியாளர்கள் 2016இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையிலும் இதே காரணம் சொல்லப்பட்டிருக்கிறது. இப்போது ஒரே வீடியோவுக்கு மூன்று தம்ப்நெயில்கள் வரை ஏற்றி, எதற்கு அதிகப் பார்வை நேரம் கிடைக்கிறது என்று சோதித்துப் பார்க்கும் வசதியையும் சேனல்களுக்குக் கொடுத்திருக்கிறார்கள். பெயரோடு கண்ணியமாக ஒரு படம், பரிதாபமாக ஒரு படம், மர்மமாக ஒரு படம் என்று மூன்றையும் போட்டால் எது வெல்லும் என்று யோசித்துப் பாருங்கள். அந்தத் தேர்தலில் வாக்களிப்பது நம் விரல்.

ஆகவே "எல்லாம் அல்காரிதம் செய்வது" என்ற பதில் பாதிதான் உண்மை. 2016 ரியோ ஒலிம்பிக்கில் பி.வி. சிந்து வெள்ளி வென்ற நாட்களில், கூகுளில் அவர் பெயரோடு சேர்த்து மிக அதிகமாகத் தேடப்பட்டவற்றில் ஒன்று அவருடைய சாதி. எந்தத் தம்ப்நெயிலும் தூண்டாமலேயே மக்கள் தாங்களாகத் தட்டச்சு செய்து தேடினார்கள். சாதியச் சமூகத்துக்குள் ஏற்கெனவே இருக்கும் அரிப்பை அளந்து, அதற்கு விலை வைத்து விற்கிறது இயந்திரம். நடிகர்களின், கிரிக்கெட் வீரர்களின் "உண்மையான சாதி"யை அவிழ்ப்பதாகச் சொல்லும் வீடியோக்களுக்கும் "மர்ம மனிதர்கள்" வீடியோக்களுக்கும் மூலதனம் ஒன்றே.

கேள்விக்குறி என்னும் கேடயம்

வன்கொடுமைச் செய்திகளில் இது இன்னும் கொடூரமாகிறது. புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் பட்டியல் சாதி மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது 2022 டிசம்பரில். 2025 ஜனவரியில் சிபிசிஐடி, பாதிக்கப்பட்ட அதே குடியிருப்பைச் சேர்ந்த மூன்று பேர்மீது குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. அந்த மக்கள் அதை ஏற்கவில்லை. விடுதலைச் சிறுத்தைகளும் இடதுசாரிகளும் சிபிஐ விசாரணை கேட்டார்கள். நீதிமன்றம் எதையும் தீர்மானிக்கும் முன்பே கைப்பேசிக் காட்சிகளும் ஒலிப்பதிவுகளும் துண்டு துண்டாகப் பரவின. தம்ப்நெயில்கள் தீர்ப்பு எழுதின. கடைசியில் ஒரு கேள்விக்குறியைப் போட்டுவிட்டால் போதும், அவதூறு கேள்வியாகிவிடும். "தாங்களே கலந்தார்களா?" என்று கேட்பவர் எதையும் சொல்லவில்லையாம், கேட்கத்தான் கேட்கிறாராம்.

ஆணவக் கொலைகளிலும் இதே கதை. பிள்ளையைப் பறிகொடுத்த தாயின் அழுகைதான் தம்ப்நெயில். "கதறல்" என்பதுதான் தலைப்பு. கொலை செய்தவரின் சாதி தலைப்பில் இருக்காது, கொல்லப்பட்டவரின் காதல் இருக்கும். குற்றம் செய்தவர் மங்கலாக்கப்படுகிறார், பாதிக்கப்பட்டவரின் முகத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போடப்படுகிறது.

தமிழ்ப் பத்திரிகை உலகுக்கு இது பழக்கமில்லாததும் இல்லை. 1940களில் 'சினிமா தூது', 'இந்துநேசன்' இதழ்களை நடத்திய லட்சுமிகாந்தன், நடிகர்களின் அந்தரங்கத்தை எழுதி விற்றார். 1944இல் அவர் கொல்லப்பட்ட வழக்கில் தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் சிறை சென்று, 1947இல் விடுதலையானார்கள். மஞ்சள் பத்திரிகை என்று அதற்கு ஒரு பெயர் இருந்தது, வெட்கம் இருந்தது. ஒளித்துவைத்துப் படித்தார்கள். இன்று அதே சரக்குக்கு 'கன்டென்ட்' என்று பெயர், வெட்கம் மட்டும் காணாமல் போய்விட்டது.

நம் சேனல்களும் விலக்கல்ல

கவர்ச்சியான தலைப்பே கூடாது என்று சொல்ல வரவில்லை. சாதி எதிர்ப்பு இதழியலின் வரலாறே துணிச்சலான தலைப்புகளின் வரலாறு. 1893இல் இரட்டைமலை சீனிவாசன் தன் இதழுக்கு 'பறையன்' என்று பெயர் வைத்தார். இழிவாகச் சொல்லப்பட்ட பெயரை முகப்பிலேயே அச்சடித்தார். 1907இல் அயோத்திதாசர் விலையையே பெயராக்கி 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கினார். 1920இல் அம்பேத்கர் தொடங்கிய இதழ் 'மூக்நாயக்', பேச முடியாதவர்களின் தலைவன். இவற்றைவிட அதிர்ச்சி தரும் தலைப்புகள் அந்தக் காலத்தில் இருந்திருக்குமா? ஆனால் அந்த அதிர்ச்சியின் சுமையைத் தங்கள் தோளில் சுமந்தவர்கள் தலைப்பு வைத்தவர்கள்தான். தங்கள் பெயரைத் தாங்களே சொன்னார்கள். இன்றைய கிளிக்பெய்ட்டில் லாபம் தலைப்பு வைப்பவருக்கு, சுமை படத்தில் இருப்பவருக்கு.

இந்த வரலாற்றின் வாரிசுகள் என்று சொல்லிக்கொள்ளும் முற்போக்குச் சேனல்களின் தலைப்புகளை இப்போது வரிசையாகப் படித்துப் பாருங்கள். "கதறவிட்ட", "தெறிக்கவிட்ட", "கிழித்துத் தொங்கவிட்ட", "செருப்படி". உள்ளே ஒரு பேராசிரியர் இடஒதுக்கீட்டு வழக்கைப் பொறுமையாக விளக்கிக்கொண்டிருப்பார். வெளியே அவர் யாரையோ அடித்துக்கொண்டிருப்பார். "செருப்படி" என்ற சொல்லின் இழிவு எங்கிருந்து வருகிறது, செருப்பு யார் கையில் தைக்கப்பட்டது என்றுகூட யோசிக்காமல் அதை வெற்றிச் சொல்லாக்குகிறோம்.

"இப்படி வைக்காவிட்டால் யாரும் பார்க்க மாட்டார்கள் தோழர், நமக்குப் பெரிய ஊடகம் எதுவும் இல்லை" என்பது அவர்கள் பதில். அதில் நியாயம் இருக்கிறது. விளம்பரமும் முதலாளியும் இல்லாத சிறு சேனலுக்குத் தம்ப்நெயில்தான் வாசல். ஆனால் சண்டை பார்க்க வந்த கூட்டம் சண்டைக்காகவே காத்திருக்கும். அடுத்த வாரம் பழங்குடிச் சான்றிதழ் தாமதம் பற்றியோ, துப்புரவுத் தொழிலாளர் ஒப்பந்தம் பற்றியோ வீடியோ போட்டால் அந்தக் கூட்டம் வராது. பிறகு அதற்கும் "அதிகாரியைக் கதறவிட்ட" என்று தலைப்பு வைக்க வேண்டிவரும். சேனல் வளரும், அது எதற்காகத் தொடங்கப்பட்டதோ அந்த விஷயம் சுருங்கிக்கொண்டே போகும்.

செய்யக்கூடியவை

முதலில், பேட்டிக்கு வாங்கிய சம்மதம் தம்ப்நெயிலுக்கு வாங்கிய சம்மதம் ஆகாது. பேசச் சம்மதித்தவர் தன் முகத்தின்மேல் "மர்மம்" என்று எழுதச் சம்மதிக்கவில்லை. வெளியிடும் முன் தம்ப்நெயிலை அவரிடம் காட்ட வேண்டும். குழந்தைகளின் முகத்தைத் தம்ப்நெயிலில் வைப்பதை அடியோடு நிறுத்த வேண்டும். வேண்டாம் என்று அவர் பின்னால் சொன்னாலும் எடுத்துவிட வேண்டும்.

இரண்டாவது, ஓர் எளிய சோதனை. அந்தத் தலைப்பை, படத்தில் இருப்பவர் முன்னால் நின்று சத்தமாக வாசிக்க முடியுமா? செண்பகத்தோப்பில் ஒரு பளியர் முதியவரைப் பார்த்து, "ஐயா, உங்க வீடியோவுக்கு மர்ம மனிதர்கள்னு பேர் வச்சிருக்கேன்" என்று சொல்ல நாக்கு எழுமா? எழாது என்றால் அந்தத் தலைப்பு போகக் கூடாது.

மூன்றாவது, சட்டம். 2022 ஜூலையில் கேரள உயர் நீதிமன்றம், பழங்குடிப் பெண் ஒருவரை யூடியூபில் இழிவுபடுத்தியது தொடர்பான வழக்கில் முக்கியமான ஒன்றைச் சொன்னது. இழிவுபடுத்தப்பட்டவர் அந்த இடத்தில் நேரில் இல்லாவிட்டாலும், இணையத்தில் ஏற்றப்பட்ட இழிவும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் சொல்லும் பொதுப் பார்வைக்குள் வரும் என்றது. சாதியின் பெயரால், பழங்குடி என்பதால் வேண்டுமென்றே இழிவுபடுத்தும் வீடியோக்கள்மீது இந்த அடிப்படையில் புகார் கொடுக்க மக்களுக்கு உதவ வேண்டியது நம் வழக்கறிஞர் தோழர்களின் வேலை. வெறும் அசட்டுத்தனமான தலைப்புகளுக்கு வழக்கு தேவையில்லை, பொதுவில் கேள்வி கேட்டாலே போதும்.

நான்காவது, யூடியூபிடம் கேட்க வேண்டியது. பார்வையாளர் ஏமாந்தாரா என்று பார்க்கும் விதியில், படத்தில் இருப்பவர் கண்ணியம் இழந்தாரா என்பதையும் சேர்க்க வேண்டும். தன் முகம் தம்ப்நெயிலில் இருப்பதை எதிர்த்து ஒருவர் தமிழில், எளிதாக, வக்கீல் இல்லாமல் புகார் சொல்லும் வழி வேண்டும்.

அதுவரை நம் கையில் இருப்பது நம் விரல்தான். திட்டுவதற்காகக்கூட அந்த லிங்கை அனுப்பாதீர்கள். "இதில் ஆர்வமில்லை" என்ற பொத்தானை அழுத்துங்கள். பளியர்களின் நில உரிமை பற்றி, தேன் விலை பற்றி, சான்றிதழ் தாமதம் பற்றிச் சாதாரணத் தலைப்போடு ஒரு வீடியோ கண்ணில் பட்டால் நின்று கடைசி வரை பாருங்கள், நான்கு பேருக்கு அனுப்புங்கள். அம்புக்குறியும் வட்டமும் இல்லாத அந்த வீடியோவில் ஒரு மனிதர் தன் பெயரைச் சொல்லிப் பேசிக்கொண்டிருப்பார்.